செம்புக்குள் இருந்தது

நேர்த்திக்கடன் முடியும்வரை அந்தச் செம்பை வெறுமையாக விடக்கூடாது. வெள்ளிக்கிழமைதோறும் மாரியம்மன் கோயில் கிணற்றில் அள்ளி, அம்மனுக்கு வார்த்து, அவள் காலடியில் வழிவதை ஏந்தி வந்து, செம்பிலிருக்கும் பழைய தண்ணீருக்கு மேலேயே ஊற்றவேண்டும். உள்ளே ஒரு துண்டு மஞ்சளும் ஒரு கொத்து வேப்பிலையும் கிடக்கும். விடிந்ததும் அதிலிருந்து ஒரு கை எடுத்துக் கண்ணில் விடவேண்டும். கண் சுகமான பிறகு வெள்ளியில் கண்மடல் செய்து அம்மனுக்குச் சாத்திவிட்டு, அன்றைக்குத்தான் செம்பைக் கவிழ்த்து மினுக்கலாம். அதுவரை உள்ளே கைவிட்டுத் தேய்ப்பதும் குற்றம்.

மீனம்மா இதையெல்லாம் சொல்லிக்கொண்டு போக, மேனுகா பக்தியோடு கேட்பவளைப்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். மனம் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. அசையாத தண்ணீர். ஊறி அழுகும் இலை. விரல் படாத உட்சுவர், அதில் படிந்திருக்கும் வழுவழுப்பு. அமீபாவை வளர்க்கவென்றே யாராவது திட்டம் போட்டாலும் இதைவிடத் திறமாகச் செய்ய முடியாது. முன்பு இருந்தது பித்தளைச் செம்பு, கடைசிச் சண்டையில் இடம்பெயர்ந்தபோது அது எங்கோ போய்விட்டது, இது நிவாரணத்துக்குக் கொடுத்த எவர்சில்வர்ச் செம்பு என்றாள் மீனம்மா. பித்தளையென்றால் அந்த உலோகமே நுண்ணுயிர்கள் பலவற்றைக் கொன்றிருக்கும். மேனுகாவுக்கு அது தெரியும். சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டாள்.

மேனுகா வவுனியாவில் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் படிப்பித்துக்கொண்டு, தன் கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வையும் செய்துகொண்டிருப்பவள். முப்பது தாண்டிச் சில வருடங்கள். கண் வைத்தியர் சுமித்திராதான் அவளை இந்தக் குடியேற்றக் கிராமத்துக்கு அனுப்பியவர். ஆஸ்பத்திரிக்கு வந்த சிலருடைய கருவிழியை மூடும் விழிவெண்படலத்தை அமீபா அரித்திருந்தது. அது எந்தக் கிணற்றிலிருந்து வருகிறதென்று பார்த்துச் சொல்லும்படி கேட்டிருந்தார்.

அந்தச் சிலரில் ஒருத்தி மீனம்மா. அறுவடை முடிந்து, தார் வீதியின் ஓரத்தில் யாரோ ஒருவரின் நெல்லைக் காயப் போட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது லொறி ஒன்று விசையாகப் போனது. எழும்பிய நெற்சுணை வலது கண்ணில் விழுந்தது. கசக்கினாள். கோயில் தண்ணீரில் கழுவினாள். கண் சிவந்து, பிறகு வடிந்து, பிறகு வெளிச்சம் பட்டாலே ஊசி ஏற்றுவதுபோல் நொந்து, கருவிழியின்மேல் ஒரு வெள்ளை வளையம் விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதற்குள் நேர்த்தி தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் மணித்தியாலத்துக்கு ஒருதரம் விடக் கொடுத்த மருந்து எரித்தது. அம்மன் தண்ணீர் குளிர்ந்தது.

"டொக்டரம்மாட்டச் சொல்லிடாதீங்க மிஸ்," என்றாள் மீனம்மா. "மருந்தும் விடுறன், இதையும் விடுறன். வேற ஒண்டும் கண்ணில விடக்கூடாது எண்டிருக்காங்க. ஏசுவாங்க."

மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் அடிபட்டு ஓடிவந்த தாய் தகப்பனோடு கைக்குழந்தையாக வன்னிக்கு வந்தவள் அவள். பேச்சில் பாதி இந்த ஊர், பாதி அந்த ஊர். மேனுகா சொல்லமாட்டேனென்று வாக்குக் கொடுத்தாள். கோயில் கிணற்றிலும் வீட்டுக் கிணற்றிலும் எடுத்தபின், செம்பிலிருந்தும் ஒரு சிறு போத்தல் தண்ணீர் கேட்டாள். மீனம்மா செம்பைக் கும்பிட்டுவிட்டு, தன் கையாலேயே வார்த்துக் கொடுத்தாள்.

ஒரு கிழமைக்குள் செம்புத் தண்ணீரில் அமீபா நிறைந்து வந்தது. ஆஸ்பத்திரியில் மீனம்மாவின் கண்ணிலிருந்து சுரண்டி எடுத்ததோடு பொருந்திப் போனது. அன்றைக்கே செய்யவேண்டியது ஒன்றுதான். ஒரு தொலைபேசி அழைப்பு. தண்ணீரை விடாதீங்கோ, செம்பைக் கவிழுங்கோ. மேனுகா அழைக்கத்தான் இருந்தாள். ஆனால் அன்று பின்னேரம் அமீபா வளர்த்த தட்டுகளைத் திரும்பப் பார்த்தபோது, ஒரு தட்டில் அமீபாக்கள் உருண்டு, அசைவற்று, வெடித்துக் கிடந்தன.

கிருமி புகுந்துவிட்டது, என் கவனயீனம் என்றுதான் முதலில் நினைத்தாள். நுணுக்குக்காட்டியில் பார்த்தால், வெடித்தவற்றைச் சுற்றி நுண்ணிய கரும்புள்ளிகள். பற்றீரியா என்று வைத்துக்கொண்டு நுண்ணுயிர்கொல்லி போட்டாள். புள்ளிகள் குறையவில்லை. பற்றீரியா வளரும் ஊடகத்தில் விட்டாள், ஒன்றும் முளைக்கவில்லை. புதிதாக வளர்த்த அமீபாக்களுக்கு மேல் ஒரு சொட்டு விட்டாள். மறுநாள் அவையும் வெடித்துக் கிடந்தன. சாதாரண வைரசு என்றால் தப்பிப் போகவேண்டிய வடிகட்டியில் இது போகாமல் தங்கிநின்றது. இப்படியான இராட்சத வைரசுகளை உலகில் முதன்முதலாகக் கண்டவர்களும் பல வருடங்கள் அவற்றைப் பற்றீரியா என்றே வைத்திருந்தார்கள் என்று அவள் பாடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். வைரசு, ஆனால் சாதாரண நுணுக்குக்காட்டியிலேயே கண்ணுக்குத் தெரியுமளவு பெரியது. அமீபா அதைத் தீனியென்று விழுங்கும். விழுங்கிய அமீபாவின் வயிற்றுக்குள் இருந்து அது தன்னையே தன்னையே செய்து, கடைசியில் வீட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும். மனிதரை அது ஒன்றும் செய்வதாகத் தெரியவில்லை.

அவள் அந்த வாரம் முழுக்கச் சாப்பிட்டதை நினைவு வைத்திருக்கவில்லை. நெடுநாள் கழித்து, பகலில் தனியாகச் சிரித்தாள். தொலைபேசியில் எடுக்கவேண்டிய அந்த அழைப்பு நினைவில்தான் இருந்தது. கழுவாத கோப்பை ஒன்று குசினியில் கிடப்பதுபோல, ஒவ்வொரு முறை கடக்கும்போதும் அதைக் கண்டாள். பிறகு கழுவலாம் என்று கடந்தாள்.

பேராசிரியர் தவராசா, அவளுடைய ஆய்வை மேற்பார்வை செய்பவர், அதிகம் புகழமாட்டார். படங்களைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளிநாட்டிலுள்ள ஆய்வுகூடம் ஒன்றுக்கு அதன் மரபணுவை அனுப்பினார்கள். வந்த விடையைக் கணினியில் குடும்ப மரமாக வரைந்தபோது, தெரிந்த இராட்சத வைரசுகளின் எந்தக் கிளையிலும் அது சரியாக உட்காரவில்லை. ஒரு கிளையின் அடியில், தனியாக, பக்கவாட்டில் நீண்டு நின்றது. புதுக் கிளையா, இருக்கிற கிளையின் தூரத்துச் சொந்தமா என்று தீர்ப்பதற்கு இன்னும் வேலை இருந்தது.

"பேர் வைக்கிறதுக்கு முதல், பிள்ளை உங்கட பிள்ளைதான் எண்டு காட்டோணும்," என்றார் தவராசா. "ஒருக்காக் கண்டதை ஆரும் நம்பாயினம். உங்கட லாப் அழுக்கு எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவினம். அதே தண்ணியில திரும்பவும் எடுத்துக் காட்டுங்கோ. கிணத்தில இருக்கோ?"

கிணறுகளில் அமீபா இருந்தது, வைரசு இல்லை. செம்பில் மட்டும்தான். எந்த வெள்ளிக்கிழமை எந்த வேப்பிலையோடு வந்து சேர்ந்ததோ, மினுக்காத அந்தச் சில்வர்ச் சுவருக்குள் மட்டும் அது வாழ்ந்துகொண்டிருந்தது. செம்பைக் கவிழ்த்தால் போய்விடும்.

மேனுகா அந்த எண்ணத்தை வசனமாக முடிக்கவில்லை. அதுதான் அவள் பிறகு திரும்பத் திரும்பப் போய் நின்ற இடம். 'நான் சொன்னால் கவிழ்த்துவிடுவார்கள், ஆகையால் சொல்லமாட்டேன்' என்று ஒருபோதும் அவள் தனக்குள் சொல்லிக்கொள்ளவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அவளுக்கே வெட்கம் வந்திருக்கும், நிறுத்தியிருப்பாள். அவள் நினைத்ததெல்லாம், முதலில் ஒரு நடை போய் எடுத்துக்கொண்டு வருவோம், போனால் நேரிலேயே எல்லாம் சொல்லலாம், இப்படியான விஷயத்தைத் தொலைபேசியில் சொல்வது சரியில்லை என்பதுதான். எவ்வளவு பண்பான நினைப்பு.

இரண்டாம் முறை போனபோது மீனம்மாவின் மகள் நிசாந்தினி ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போயிருந்தாள். வெளிச்சம் படாமல் இருக்க மீனம்மா சேலைத் தலைப்பால் பாதி முகத்தை மூடியிருந்தாள். வந்தவளுக்குக் கதிரையைத் துடைத்துப் போட்டுவிட்டு, தான் நிலத்தில் இருந்தாள். மேனுகா எத்தனை சொல்லியும் மற்றக் கதிரையில் ஏறவில்லை. செம்பிலிருந்து இன்னொரு போத்தல் வேண்டுமென்று கேட்டபோது, மறுபேச்சில்லாமல் வார்த்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"இதுக்குள்ள என்ன இருக்கு மிஸ்? திரும்ப வந்து எடுக்கிறீங்களே."

போத்தல் மூடப்பட்டு, பைக்குள் போய்விட்டது. இப்போது சொல்லலாம். மேனுகா சொல்லத் தொடங்கினாள். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது? பல நாளாக அவளுக்குள் பொங்கிக்கொண்டு நின்றது ஒன்றுதான். அதுதான் வாயில் முதலில் வந்தது.

"உங்கட கண்ணைத் தின்னுற அந்தப் பூச்சி இருக்கெல்லோ, அதைக் கொல்லுற ஒரு சாமான் இந்தத் தண்ணிக்குள்ள இருக்கு மீனம்மா. உலகத்தில வேற ஒரு இடத்திலயும் இதை இன்னும் ஆரும் காணேல்ல."

அதற்குப் பேர் வைக்கப்போகிறோம், உங்கள் ஊர்ப் பேரையே வைத்தாலும் வைப்போம் என்றும் சொன்னாள்.

மீனம்மா செம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடியிருந்த தலைப்பை எடுத்தாள். இரண்டு கண்ணாலும் பார்க்க விரும்பியவளைப்போல. நோவுக்குள்ளாலும் அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தபோது, மற்றப் பாதியை மேனுகா சொல்லவில்லை. அந்தப் பூச்சியும் இதே செம்புக்குள்தான் வளர்கிறது, கொல்வதைவிட வளர்வதுதான் அதிகம் என்ற பாதி. பக்கத்து வீட்டு வீரகத்தியின் மனைவி சிவலட்சுமி எட்டிப் பார்த்தாள். மீனம்மா சொன்னதைக் கேட்டுக் கை கூப்பினாள். தேத்தண்ணி வந்தது. பஸ்சுக்கு நேரமானது. ஆஸ்பத்திரியில்தான் சொல்லியிருக்கிறார்களே, மருந்தைத் தவிர ஒன்றும் விடவேண்டாமென்று. அது போதும்தானே.

பஸ்சில் பையை மடியில் வைத்து, போத்தல் சரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள்.

இரண்டாம் போத்தலிலும் வைரசு இருந்தது. தவராசா முதன்முறையாக அவளுக்குத் தன் செலவில் தேநீர் வாங்கிக் கொடுத்தார். கட்டுரை எழுதத் தொடங்கினார்கள். பெயர் எழுதவேண்டிய இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார்கள்.

கிணறுகளின் முடிவுகளைக் கொடுக்கவென்று அவள் கிளினிக்குக்குப் போனது அதற்குச் சில வாரங்களின் பின். செம்பைப் பற்றி அந்தத் தாள்களில் எதுவும் இல்லை. வாக்குக் கொடுத்திருக்கிறேன்தானே என்று மனம் நியாயம் சொன்னது. சுமித்திரா தாள்களைப் புரட்டவேயில்லை. களைத்துப்போயிருந்தார்.

"உந்த மீனம்மா எண்ட மனிசி மேல வாட்டில படுத்திருக்கிறா. தெரியுமெல்லோ? கண் நல்லா மோசம். மருந்து விடுறதை நிப்பாட்டிட்டா."

"ஏன் டொக்டர்?"

"ஆரோ சொல்லியிருக்கினம், அந்தக் கோயில் தண்ணிக்குள்ளயே கண்ணைத் தின்னுறதைக் கொல்லுற சாமான் இருக்கெண்டு. பிறகேன் எரியிற மருந்து எண்டு நிப்பாட்டிட்டா. மூண்டுதரம் கேட்டன், ஆர் சொன்னதெண்டு. வாய் திறக்கிறா இல்லை." சுமித்திரா சிரித்தார். அது சிரிப்பல்ல. "ஆராயிருக்கும்? சாத்திரியோ, பூசாரியோ. எவ்வளவு துணிவு பாருங்கோ."

மேனுகாவின் காது இரண்டும் கொதித்தன. சுவரில் கண்ணின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று தொங்கியது. அதையே பார்த்தாள்.

"ஓம் டொக்டர்," என்றாள்.

வாட்டு அந்தக் கட்டடத்திலேயே, ஒரு மாடி மேலேதான் இருந்தது. படி வரைக்கும் போனாள். முதற்படியில் கால் வைத்தவள், யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பி, வெளியே வந்து, ஓட்டோ ஏறினாள்.

அன்று பின்னேரம் சொந்த ஊரான அக்கராயனில் இருந்து அம்மா பத்மாசனி வழமைபோலத் தொலைபேசியில் அழைத்தாள். மேனுகா யாரென்று சொல்லாமல், ஒரு மனிசி மருந்தை நிறுத்திவிட்டுக் கோயில் தண்ணீர் விட்டுக் கண்ணைக் கெடுத்துக்கொண்டாள் என்று மட்டும் சொன்னாள். எந்த இடத்து ஆட்கள் என்று அம்மா கேட்டாள். மேனுகா இடத்தைச் சொன்னாள்.

"அது தோட்டக்காட்டுச் சனமெல்லோ," என்றாள் பத்மாசனி. அந்தச் சனத்துக்கு நீ எதைச் சொல்லியும் பிரயோசனமில்லை, உனக்கேன் வீண் கவலை என்றும் சொன்னாள். குரலில் பகை ஒன்றும் இருக்கவில்லை. பருப்புக்கு உப்புக் காணாது என்பதுபோலச் சொன்னாள்.

அம்மாவோடு சண்டை பிடிக்க மேனுகாவுக்கு நா எழுந்தது. எழுந்த நா அப்படியே விழுந்தது. அம்மாவும் அக்கராயன் குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவள்தான். அவளும் கண் சிவந்தால் நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விடுகிறவள்தான். அக்கராயனில் அம்மாவின் சாமித்தட்டில் அப்படியொரு செம்பு இருந்திருந்தால்? மேனுகா கேள்வியை முடிக்கமுதலே விடை வந்துவிட்டது. முடிவு தெரிந்த அன்றே பஸ் ஏறியிருப்பாள். அம்மா கத்தக் கத்தச் செம்பைப் பிடுங்கிக் கவிழ்த்திருப்பாள். வைரசாவது, கிளையாவது.

அம்மா வாயால் சொன்னதை அவள் சொல்லாமலே செய்திருக்கிறாள். படித்தவள், அப்படியான சொற்களைப் பேசமாட்டாள். வகுப்பில் யாராவது பேசினால் திருத்துவாள். ஆனால் எங்கேயோ உள்ளே, கணினியில் வரைந்ததைப்போல ஒரு மரம் அவளிடமும் இருந்தது. அதில் மீனம்மாவைத் தூரத்துக் கிளையொன்றில் வைத்திருந்தாள். கிட்டக் கிளையில் இருப்பவர்களுக்கு முழுவதும் சொல்லவேண்டும். தூரத்துக் கிளைக்குப் பாதி போதும்.

ஞாயிற்றுக்கிழமை மீனம்மாவின் வீட்டுக்குப் போனாள். அவளை வாட்டிலிருந்து விட்டிருந்தார்கள். திங்கட்கிழமை திரும்பவும் கிளினிக், அதற்குப் பிறகு கொழும்புக்கு அனுப்பி, யாராவது இறந்தவரின் விழிவெண்படலம் கிடைக்கும்வரை காத்திருப்பது. கண்ணுக்கு மேல் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. நிசாந்தினி வீட்டில் இருந்தாள். ஒல்லியான, பேச்சுக் குறைந்த பெண். மேனுகாவைக் கண்டதும் கதிரை எடுத்துப் போட்டாள், துடைக்கவில்லை.

செம்பு அதே இடத்தில் இருந்தது. இலை புதிதாக இருந்தது. தாய் ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளிக்கிழமைகளில் நிசாந்தினி தண்ணீர் சேர்த்திருக்கிறாள்.

மேனுகா என்ன மருந்து, எத்தனை முறை என்று ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது சிவலட்சுமி கையில் ஒரு கோப்பையோடு வந்தாள். வீரகத்திக்கும் இரண்டு நாளாகக் கண் உறுத்துகிறதாம், அந்தத் தண்ணியில் கொஞ்சம் தாங்கோ என்றாள். கேட்டுவிட்டு, சாட்சிக்கு ஆள் இருக்கிறதே என்ற சந்தோசத்தில் மேனுகாவைப் பார்த்துச் சிரித்தாள். "மிஸ்ஸே சொன்னவா எல்லோ."

நிசாந்தினி செம்பை எடுக்க எழுந்தாள்.

"வேண்டாம்," என்றாள் மேனுகா.

தன் குரல் இவ்வளவு சின்னதாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மீனம்மா துணி கட்டாத கண்ணால் பார்த்தாள்.

"அதைக் குடுக்காதீங்கோ. கண்ணைத் தின்னுற பூச்சி இந்தச் செம்புக்குள்ளதான் இருக்கு. அதைக் கொல்லுறதும் இருக்கு, நான் சொன்னது பொய்யில்லை. ஆனா அது கொல்லக் கொல்ல மற்றது பெருகுது. இதை விடவிடக் கண்ணுக்குள்ள பூச்சிதான் போகும். நான் உங்களுக்குப் பாதியைத்தான் சொன்னனான்."

சிவலட்சுமி கோப்பையைப் பார்த்தாள், செம்பைப் பார்த்தாள். பிறகு கோப்பையை முந்தானையால் மூடிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டாள் நிசாந்தினி.

"முதல் எடுத்துக்கொண்டு போன கிழமையே."

"அப்ப ரெண்டாந்தரம் என்னத்துக்கு வந்தனீங்கள்?"

"இன்னொருக்கா எடுக்க."

நிசாந்தினி அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று மேனுகாவுக்கு இருந்தது. ஏசினால், ஏச்சுக்குத் தலைகுனிந்து நிற்க ஒரு இடமாவது கிடைக்கும். அந்த வீட்டில் அவளுக்கு அந்த இடமும் கிடைக்கவில்லை.

மீனம்மாதான் கடைசியில் பேசினாள். நோவு கூடினால் அவளுடைய பேச்சு மலைக்குத் திரும்பிவிடும்.

"டொக்டரம்மா கேட்டாங்க, யாரு சொன்னதுன்னு. ஒங்க பேர நான் சொல்லல புள்ள. வேலைக்கு ஏதும் வந்துரும்னு பயந்தேன்."

மேனுகாவைக் குத்தவென்று அதைச் சொல்லவில்லை. ஒளித்துவைத்த பொருள் பத்திரமாக இருக்கிறது, பயப்படாதே என்று தெரிவிப்பவளைப்போலச் சொன்னாள். மேனுகா இவளிடமிருந்து ஒன்றை மறைத்த அதே நாட்களில், இவள் மேனுகாவுக்காக ஒன்றை மறைத்துக்கொண்டு, கண் எரிய எரிய வாட்டில் கிடந்திருக்கிறாள். மேனுகா கதிரையில் இருந்து எழுந்தாள். நிலத்தில் இருக்கலாமென்று நினைத்தாள். அது நாடகமாக இருக்குமென்று பட்டது. திரும்பக் கதிரையிலேயே இருந்தாள். அதுவும் சரியாக இல்லை.

"அதுக்குப் பேரு வச்சாச்சா?" என்று கேட்டாள் மீனம்மா.

"இல்லை."

"எங்க ஊரு பேரு வேணாம். எங்களுக்கு வச்ச பேருங்களே போதும்."

மேனுகா தலையாட்டினாள். பக்கத்து ஊரிலுள்ளவர்களும், பள்ளிக்கூடத்திலும், சந்தையிலும், அக்கராயனில் தன் வீட்டுக் குசினியிலும் இவர்களுக்கு வைத்திருக்கும் பெயர்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். அவற்றோடு ஒரு வைரசின் பெயரையும் சேர்த்துக் கொடுக்கத்தான் அவள் அன்று பெருமையாக முன்வந்தாள்.

செம்பை என்ன செய்வதென்று நிசாந்தினி கேட்டாள். நேர்த்தி முடியாமல் என் கையால் கவிழ்க்கமாட்டேன், மகளும் கவிழ்க்கக்கூடாது என்றாள் மீனம்மா. "நீங்க கவுத்துருங்க. ஒங்களுக்குத்தான் அதுல என்னா இருக்குன்னு தெரியும். ஆத்தாட்ட நான் சொல்லிக்கிறேன்."

மேனுகா செம்பை இரண்டு கையாலும் எடுத்தாள். கிணற்றடிக்குக் கொண்டுபோகவேண்டாமென்று, வேலியோரம், கால் மிதிபடாத வேம்பின் அடிக்குக் கொண்டுபோனாள். நிசாந்தினி சாம்பலும் தேங்காய்த் தும்பும் ஒரு வாளித் தண்ணீரும் கொண்டுவந்து வைத்துவிட்டு அப்பால் நின்றாள். மேனுகா குந்தினாள். தோளில் கிடந்த பை முன்னுக்கு வந்தது. அதைப் பின்னுக்குத் தள்ளப்போன கை, உள்ளே போய்ச் சிறிய போத்தல் ஒன்றின் மூடியைத் தேடிப் பிடித்திருந்தது. அவள் சொல்லி அந்தக் கை போகவில்லை. குளிரூட்டியில் இருப்பது இரண்டே போத்தல், அதுவும் பழுதானால் உலகத்தில் வேறு இல்லை என்ற கணக்கை அவளுடைய விரல்கள் தாங்களாகவே பார்த்து முடித்திருந்தன.

"எடுக்கப்போறீங்களோ?" என்றாள் நிசாந்தினி.

"இல்லை."

கையை வெளியே எடுத்தாள். அந்தப் பெண் அங்கே நிற்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாளோ, மேனுகாவுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளவும் அவள் விரும்பவில்லை.

செம்பைக் கவிழ்த்தாள். மஞ்சள் நிறத் தண்ணீர் மண்ணுக்குள் உடனே போய்விட்டது. இலைகள் மட்டும் கிடந்தன. உள்ளே கைவிட்டுத் தேய்த்தபோது சுவரில் படிந்திருந்தது வழுக்கிக்கொண்டு வந்தது. நகக்கண்ணுக்குள் ஏறியது. சாம்பல் போட்டுத் தேய்த்தாள், கழுவினாள், இன்னும் தேய்த்தாள். போதுமென்று நிசாந்தினி சொன்ன பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை மேனுகா விரிவுரைக்குப் போகவில்லை. கிளினிக் வாசலில், நோயாளர்கள் இருக்கும் நீண்ட வாங்கில், மீனம்மாவுக்கும் நிசாந்தினிக்கும் பக்கத்தில் இருந்தாள். அவர்கள் அவளை வரச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. கடந்துபோன சுமித்திரா, ஏன் வெளியில் இருக்கிறீங்கள், நேரே உள்ளே வந்திருக்கலாமே என்றார். மேனுகா எழும்பவில்லை. மீனம்மாவின் முறை வந்தபோது அவளோடு சேர்ந்து உள்ளே போனாள்.

சுமித்திரா துணியை அவிழ்த்து, விளக்கைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். மீனம்மா கதிரையின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். விளக்கு அணையும்வரை மேனுகா காத்திருந்தாள்.

"டொக்டர், அந்தத் தண்ணியைப் பற்றி ஆர் சொன்னதெண்டு கேட்டீங்களெல்லோ."

சுமித்திரா நிமிர்ந்தார்.

"நான்தான்."

சுமித்திராவின் முகத்தில் முதலில் விளங்காமையும், பிறகு மெதுவாக விளங்குவதும், பிறகு அவள் அன்று அதே அறையில் 'ஓம் டொக்டர்' என்று நின்றது நினைவுக்கு வருவதும் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அவர் வாயைத் திறக்கமுதல் மீனம்மா முந்திக்கொண்டாள். கண்ணைத் திறக்க முடியாமல், குரல் வந்த பக்கத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

"ஏசாதீங்க டொக்டரம்மா. சின்னப் புள்ள. தெரியாம சொல்லிட்டாங்க."

அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் போதிய இடம் இருந்தது. மேனுகா அதைப் பார்த்தாள். ஒரு கணம் ஆசைப்பட்டும் பார்த்தாள்.

"சின்னப் பிள்ளை இல்லை டொக்டர்," என்றாள். "தெரிஞ்சுதான் சொல்லாம விட்டனான்."